வெள்ளக்கடைக்கு இடமாற்றம்

கண்ணுகளா, போன வாரம் அக்கா அறிவியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். “மனித செல்லில் இருபத்து மூன்று ஜோடி குரோமோசோம்கள் உள்ளன.” அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். தம்பி குறுக்கே புகுந்து, “உனக்குத்தான் இருபத்து மூணு. எனக்கு இருபத்து நாலு” என்றான்.

“போடா, இருபத்து நாலு மனுசக்குரங்குக்கு.”

“அப்ப எனக்குச் சரியாத்தான் இருக்குது” என்று அவன் கட்டிலில் ஏறிக் குதித்தான்.

நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். வண்டியில் இறக்க வேண்டிய உரமூட்டை இருந்தது நிஜம்தான். ஆனால் நான் எழுந்து போனது அதற்காக இல்லை.

அந்த வரியில் அக்காவுக்கு என்று ஒரு சங்கதி இருக்கிறது. அவளுக்கு அது இன்னும் தெரியாது. அவள் கல்யாணம் பண்ணுகிற வயசுக்கு முன்னால் தெரிந்தே ஆக வேண்டும். வாயால் சொல்ல ஆரம்பித்தால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவதைத் தாண்டாதவன். எழுத்துப் பிழை இருந்தால் அக்காவே திருத்திக்கொள்ளட்டும்.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால் நாங்கள் நாகலூரில் இருந்தோம். எஸ்டேட் லைன் ஊடு. ஒரே நீளக் கட்டடம், மேலே ஓடு, இடையிடையே சுவர் எழுப்பி ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அறை. அந்தச் சுவர் கூரைவரைக்கும் போகாது. இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கத்து ஊட்டு அக்கா “நூறு” என்பார். அவருக்குத் தீப்பெட்டி வேண்டுமென்றால் சுவரைத் தட்டுவார், உங்கம்மா மேலே வீசுவாள். நான் எஸ்டேட் பிக்அப் ஓட்டினேன். உங்கம்மா காபிப் பழம் பறிக்கப் போனாள்.

உங்கம்மாவுக்கு மூன்று தடவை கரு உண்டானது. மூன்றும் மூணாம் மாசம் முடிவதற்குள் போய்விட்டன. முதல் தடவை எல்லோரும் வந்து ஆறுதல் சொன்னார்கள். மூன்றாவது தடவைக்கு யாரும் நேரில் எதுவும் சொல்லவில்லை. ஆனால் கூரைவரைக்கும் போகாத சுவர் அது. “கூடை தூக்கக் கூடாதுன்னு சொன்னேன், கேட்டாளா?” “பப்பாளி தின்னிருப்பா.” “அவ ஒடம்புவாகு அப்படியாட்ட இருக்குது.” உங்கம்மா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். என்னைப் பார்க்க மாட்டாள். என் ஒடம்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கும் அது தோன்றியதில்லை.

கீழே சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் ரத்தம் எடுக்க வேண்டும் என்றார்கள்.

“எனக்கு எதுக்குங்க?” என்று கேட்டேன்.

“கொழந்தைல பாதி உங்களுதுதானுங்களே? கைய நீட்டுங்க” என்றார் நர்ஸம்மா.

சில வாரம் கழித்து ரிப்போர்ட் வாங்கப் போனோம். ஜன்னலில் இருந்த பெண் பிள்ளைக்கு எங்களுக்குப் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தே களைப்பு. காகிதத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இடமாற்றம்னு வந்திருக்குதுங்க. அதனாலதான் தங்கல. வியாழக்கிழமை ஆலோசனை சொல்ற மேடம் வருவாங்க, வந்து பாருங்க. அடுத்தது யாரு?” என்றது.

பஸ் மலை ஏறும்போது உங்கம்மா காதோடு கேட்டாள். “ஏனுங்க, எடம் சரியில்லைன்னு ஆஸ்பத்திரியிலயே சொல்றாங்களா?”

“அப்படித்தான் சொன்னாப்ல இருந்துச்சு.”

சந்தேகம் தீர ரைட்டரிடம் காகிதத்தைக் கொண்டுபோனேன். எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதுகிறவர், இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினார்.

“டிரான்ஸ்... லொகேஷன். டிரான்ஸ்ஃபர் தெரியுமல்ல?”

“தெரியுமுங்க.”

“லொகேஷன் தெரியுமல்ல?”

“தெரியுமுங்க.”

“அவ்வளவுதான். லொகேஷன மாத்தோணும்னு போட்டிருக்குது. பரவால்ல, இப்பல்லாம் டாக்டருங்களே வாஸ்து பாக்கறாங்க.”

அப்போது எனக்கு வந்த நிம்மதியை என்னவென்று சொல்வேன்! மாத்திரை இல்லை, ஊசி இல்லை. ஊட்டை மாற்றினால் போதும். உங்கம்மா மேலும் குறையில்லை, இடத்தின் மேல்தான் குறை. வெள்ளக்கடையில் ஒரு விவசாயியின் தோட்டத்து ஓரத்தில் தனி ஊடு ஒன்று காலியாக இருந்தது. இப்போது நாம் இருக்கிற இதே ஊடுதான். சாமான் கொஞ்சம்தான், பிக்அப்பில் ஒரே நடையில் வந்துவிட்டது. ஆலோசனை சொல்ற மேடம் வரச் சொன்ன அந்த வியாழக்கிழமை நாங்கள் இங்கே பால் காய்ச்சிக்கொண்டிருந்தோம்.

இந்த ஊட்டுச் சுவர் கூரைவரைக்கும் போகிறது. உங்களுக்கு அது ஒரு விஷயமாகவே தெரியாது, இதிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். எங்களுக்கு முதல் வாரம் தூக்கம் வரவில்லை. யாருடைய இருமலும் இல்லை, யார் ஊட்டு டிவியும் இல்லை. பனி இறங்கினால் எதிரே இருக்கிற பலாமரம்கூடக் காணாமல் போய்விடும். ஒரு தடவை நான் தும்மிவிட்டுச் சும்மா இருந்தேன். உங்கம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கேட்கவில்லை. எதற்காகக் காத்திருக்கிறேன் என்பதே கொஞ்சம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. என்ன பேச்சு பேசினாலும் அந்த லைன்காரர்கள்தான் “நூறு” என்று சொன்னவர்கள்.

புது இடத்திலும் கரு உண்டானது. புது இடத்திலும் போனது.

அதற்கப்புறம்தான் அந்த மேடத்தைப் பார்க்கப் போனோம். சின்ன வயசு. பழைய ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, “அன்னிக்கு வரச் சொல்லியிருந்தாங்களே, ஏங்க வரல?” என்று கேட்டார்.

“அதுதான் எடத்த மாத்திட்டமுங்க” என்றேன்.

“எந்த எடத்த?”

“நாகலூருல இருந்து வெள்ளக்கடைக்குங்க.”

அவர் பேனாவை மேஜைமேல் வைத்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “எடம் மாறினது ஊடு இல்லீங்க. உங்க ஒடம்புக்குள்ள” என்றார். ‘உங்க’ என்றபோது என்னைத்தான் பார்த்தார்.

அவர் சொன்னதை எனக்குத் தெரிந்த விதத்தில் சொல்கிறேன். அக்கா, உன் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துக்கொள்.

நம் ஒடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத செல்கள். ஏறக்குறைய ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ என்கிற நூல் இருக்கிறது. ஒற்றை நூல் இல்லை. இரண்டு இழை ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு, முறுக்கிவிட்ட ஏணி மாதிரி போகிறது. ஏணிப் படிகளில் நாலே எழுத்து. அந்த நாலு எழுத்தும் மாறி மாறி வருகிற வரிசையில்தான் ஒடம்பை எப்படிக் கட்ட வேண்டும் என்கிற சேதி இருக்கிறது. ஒரு செல்லில் இருக்கிற நூல் அத்தனையையும் எடுத்து நீட்டி ஒட்டிப் பிடித்தால் என் உயரத்தைத் தாண்டுமாம். அது எப்படிங்க அத்தனூண்டு செல்லுக்குள் அடங்கும் என்று நான் கேட்டேன்.

“நீங்க மூட்டை கட்டற கயித்த எப்படி வெப்பீங்க?” என்று அவர் திருப்பிக் கேட்டார்.

பிக்அப் கயிற்றைச் சும்மா போட்டால் மறுநாள் சிக்கு எடுக்கவே காலை போய்விடும். உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாகச் சுற்றி, சுற்றினதை முறுக்கி, முனையை உள்ளே செருகித்தான் சீட்டுக்கு அடியில் வைக்க வேண்டும். தம்பி, நீகூடச் சுற்றிக் கொடுத்திருக்கிறாய். செல்லும் அதைத்தான் செய்கிறது. ஹிஸ்டோன் என்று ஒரு புரதம், குட்டிக் குட்டி உருண்டை. நூல் அந்த உருண்டைகளைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. உருண்டைகள் கோத்த மாலை மறுபடி சுருள்கிறது, சுருளும் மடிகிறது. செல் இரண்டாகப் பிரியப் போகிற நேரத்தில் இறுக்கிக் கட்டிய கட்டு கட்டாக ஆகிவிடுகிறது. அந்தக் கட்டுதான் குரோமோசோம். சிக்கு விழாமல் இரண்டு செல்லுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கத்தான் இத்தனை ஏற்பாடும்.

மனுசனுக்கு நாற்பத்தாறு கட்டு. இருபத்து மூன்று அம்மாவிடமிருந்து, இருபத்து மூன்று அப்பனிடமிருந்து. அதனால்தான் ஜோடி.

பிறகு மேடம் ஒரு படத்தைக் காட்டினார். என் ரத்தத்தில் இருந்து எடுத்தது. சாயம் ஏற்றினதால் ஒவ்வொன்றிலும் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாக இருந்தது, கம்பளிப்பூச்சி மாதிரி. நீளமானது முதலில், குட்டை கடைசியில் என்று ஜோடி ஜோடியாக நிறுத்தியிருந்தார்கள். எல்லா ஜோடியும் பட்டைக்குப் பட்டை சரியாக இருந்தது. இரண்டு ஜோடியில் மட்டும் ஆளுக்கு ஒன்று பிசகி நின்றது. ஒன்று தன் ஜோடியைவிடக் கொஞ்சம் நீளம், இன்னொன்று தன் ஜோடியைவிடக் கொஞ்சம் குட்டை. இதன் வால் அதற்கும் அதன் வால் இதற்கும் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பேர்தான் இடமாற்றம்.

“இது நோயில்லீங்க. உங்ககிட்ட எதுவும் கொறையல, எதுவும் கூடல. எடந்தான் மாறிப்போச்சு. நீங்க உண்டானப்பவே நடந்தது” என்றார்.

“அப்பறம் ஏனுங்க தங்க மாட்டேங்குது?”

அவர் நீலப் பேனா, சிவப்புப் பேனா வைத்து வரைந்தார். நான் அந்த இரண்டு ஜோடிக்குப் பதில் வண்டி வைத்துச் சொல்கிறேன். காபி வண்டி இரண்டு, மிளகு வண்டி இரண்டு என்று வையுங்கள். ஒரு காபி வண்டியின் பின்மூட்டைகளை ஒரு மிளகு வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அந்த மிளகு வண்டியின் பின்மூட்டைகளைக் காபி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். நாலு வண்டியும் என் கொட்டகையிலேயே நிற்கிறவரை சரக்கு முழுசாக இருக்கிறது, எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பிள்ளைக்கு அனுப்பும்போது ஒரு காபி வண்டியும் ஒரு மிளகு வண்டியும்தான் போகும். சரியான வண்டி இரண்டு சேர்ந்து போனால் சரி. மாறின வண்டி இரண்டும் சேர்ந்து போனாலும் சரிதான், சரக்கு எப்படியோ முழுசாகப் போய்ச் சேர்ந்துவிடும். சரியானது ஒன்றும் மாறினது ஒன்றுமாகப் போனால்தான் ஆபத்து. ஒரு சரக்கு கூடிவிடும், ஒன்று குறைந்துவிடும். அந்தச் சரக்கை வைத்துப் பிள்ளையின் ஒடம்பைக் கட்ட முடியாது. பாதியில் நின்றுவிடும். எங்களுக்கு நாலு தடவையும் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும்.

உங்கம்மா நாற்காலியை முன்னால் நகர்த்தினாள். மெதுவாகக் கேட்டாள்: “அப்ப எம்மேல ஒண்ணும் இல்லீங்களா?”

“இல்லீங்கம்மா. அவருமேலயும் குத்தம்னு எதுவும் இல்ல.”

உங்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அத்தனை வருஷமும் அவள் அதைச் சுமந்துகொண்டிருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரே அறைக்குள் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். நாலைந்து வளைவு தாண்டுகிறவரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அப்புறம், “ஏனுங்க, அத்தன சட்டி பானையையும் நான் தூக்கிட்டு வந்தது உங்க ரைட்டரோட இங்கிலீசுக்காகவா?” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். நானும் கூடச் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து நான் கொஞ்சம் தனியாகிவிட்டேன் கண்ணுகளா. இதை யாரிடம் சொல்வது? லைனில் சொன்னால் பேச்சு இந்தப் பக்கம் திரும்பும், அவ்வளவுதான். கை கழுவும்போது கையைப் பார்ப்பேன். விரல் நுனிவரைக்கும் அந்த இரண்டு வண்டியும் சரக்கு மாறி நிற்கிறது. தேய்த்தால் போகுமா?

அடுத்த தடவை மூணாம் மாசம் தாண்டியது. நாலும் தாண்டியது. சந்தோஷப்படப் பயமாக இருந்தது. கருவைச் சுற்றியிருக்கிற தண்ணீரை ஊசியில் கொஞ்சம் எடுத்துச் சோதித்தால் எந்த வண்டி வந்திருக்கிறது என்று தெரியும் என்றார் மேடம். ஆணா பெண்ணா என்று மட்டும் சொல்ல மாட்டார்கள், அது சட்டம். கடைசி ஜோடியை மறைத்துவிடுவார்களாம். “மறைக்கட்டுமுங்க, மத்ததச் சொன்னாப் போதும்” என்றாள் உங்கம்மா. எடுத்த தண்ணீரில் இருக்கிற செல்லை வளர்த்து, அது பிரியப் போகிற நேரம் பார்த்து நிறுத்தினால்தான் கட்டு கட்டாகத் தெரியும். அதற்குச் சில வாரம் ஆகும். அதுவரை வளைவு ரோட்டில் ஏறி இறங்க வேண்டாம் என்று உங்கம்மா கீழே அவள் தாய் ஊட்டிலேயே தங்கிவிட்டாள். இங்கே பழம் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. என்னால் நகர முடியவில்லை.

அந்த வாரங்களைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் சோறு வைத்தால் சாயந்திரமும் அதே சோறு. போன் சிக்னல் ஊட்டுக்குள் கிடையாது, ரோட்டுத் திருப்பத்தில் நின்றால் ஒரு கோடு வரும். வேலை விட்டு வந்து அங்கே போய் நிற்பேன். பைக்கில் போகிறவர்கள் நிறுத்தி, “வண்டி வேணுங்களா?” என்று கேட்பார்கள். “இல்லீங்க, சும்மாதான்” என்பேன். உங்கம்மாவிடம் பேசினால் இரண்டு பேரும் அதைத் தவிர எல்லாவற்றையும் பேசுவோம். மழை வந்ததா, கோழி அடைக்கு உட்கார்ந்ததா. போனை வைத்த பிறகு வண்டிக் கயிற்றை எடுத்து அவிழ்த்து மறுபடி சுற்றுவேன். ஏற்கெனவே சுற்றி வைத்த கயிறுதான். ஒரு நாள் சுவரைத் தட்டிக்கூடப் பார்த்தேன், லைனில் தட்டுகிற மாதிரி. சுண்ணாம்பு உதிர்ந்தது.

வயிற்றில் இருக்கிறது யார் என்று தெரியாமலே உன்னிடம் பேசிக்கொண்டிருந்தேன் கண்ணு. ரெண்டும் சேந்து வா சாமி, எதுவா இருந்தாலும் சேந்து வா. அவ்வளவுதான் நான் கேட்டது.

போன் வந்தபோது நான் ஒண்டிக்கடை ஊரில் ஒரு டீக்கடையில் இருந்தேன். லோடு இறக்கிவிட்டு ஒரு டீ சொல்லி, கிளாஸ் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது.

“ஏனுங்க” என்றாள் உங்கம்மா.

“சொல்லு புள்ள.”

“ரிப்போர்ட்டு வந்துருச்சு. இடமாற்றம்னு போட்டிருக்குதாமா.”

“இடமாற்றமா?” என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டேன்.

“முழுசாக் கேளுங்க. அப்பனுக்கு எப்படியோ அப்படியேவாமா. ரெண்டும் சேந்து வந்திருக்குதாமா. மேடமே பேசினாங்க. ஒண்ணும் கொறையல, ஒண்ணும் கூடல, நல்லாருக்குதுன்னாங்க.” அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. “உங்களாட்டமேதானுங்க” என்றாள். சிக்னல் போய்விட்டது.

அக்கா, அது நீ. உனக்கும் என்னை மாதிரி இரண்டு வண்டியில் சரக்கு மாறியிருக்கிறது. உனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் உனக்கென்று பிள்ளை வேண்டும் என்கிற காலம் வந்தால் முதலிலேயே போய்க் கேட்டுக்கொள். தம்பிக்குச் சரியான வண்டி இரண்டும் வந்தது, அவனுக்கு இந்தக் கவலை கிடையாது. ஆனால் நாலு தடவை வெறுங்கையோடு திரும்பின ஊட்டுக்கு முதலில் வந்து சேர்ந்தவள் நீதான்.

டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கண்ணைப் பார்த்திருப்பார்.

“ஏனுங்க, மாத்திப்போட்டாங்களா?”

எனக்குப் புரியவில்லை.

“இடமாற்றம்னீங்களே. எந்த ஊருக்குங்க?”

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. எங்கிருந்து தொடங்குவது? நூலில் இருந்தா, நாகலூரில் இருந்தா?

“இங்கதானுங்க. வெள்ளக்கடைக்கு” என்றேன்.

“அட, நீங்க இருக்கறதே வெள்ளக்கடைதானுங்களே. அப்பறம் என்ன இடமாற்றம்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுத்த ஆளுக்குப் பாலை ஊற்றப் போய்விட்டார்.